பேசின் பிரிட்ஜ் புகைக்குப் போன பியூட்டிஃபுல்

வடசென்னையில் நல்ல ஆங்கில வார்த்தைகளுக்குத் தட்டுப்பாடு வந்திருந்தால் அதற்கு ஒரே காரணம் எங்கள் அட்ஜெக்டிவ்தான். பெற்றோர் வைத்த பெயர் அவனுக்கே மறந்திருக்கும். இடுப்பில் பேஜர் செருகியவரெல்லாம் பெரிய மனிதராகத் தெரிந்த காலம் அது. திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் நான் குமாஸ்தா. அவன் ஃபோர்க்லிஃப்ட் டிரைவர்.

ஏதாவது ஒன்று கண்ணைப் பிடித்து இழுத்துவிட்டால் போதும், வண்டியை நிறுத்திவிடுவான். தூக்கிய பெட்டி அந்தரத்தில் நிற்கும். கண்ணை இடுக்கி யோசித்து, அதற்கு ஓர் ஆங்கில அடைமொழி கொடுத்த பிறகுதான் பெட்டி இறங்கும். இதற்கு ஒரு சட்டம் வேறு வைத்திருந்தான். ஒரு வார்த்தை ஒன்றுக்குத்தான். கொடுத்ததைத் திரும்ப வாங்கக் கூடாது. கேன்டீன் வடகறி ‘வொண்டர்ஃபுல்’. யார்டுக்குள் புகுந்து படுத்துக்கொண்ட எருமை ‘லவ்லி’. என்னைப் பல நாள் உற்றுப் பார்த்துவிட்டு ‘டாலரபிள்’ என்றான். அகராதியைப் புரட்டி, ‘சகித்துக்கொள்ளலாம்’ என்று பார்த்தபின் கொஞ்ச நாள் அவனோடு நான் பேசவே இல்லை.

புதிதாக வந்த மேனேஜர் ஆசையாக, “எனக்கு என்னப்பா?” என்று கேட்டார்.

“டெம்பரரி, சார்.”

அடுத்த மாதமே அவருக்கு மாற்றல் வந்தது. அதற்குப் பிறகு அதிகாரிகள் யாரும் அவன் வண்டிப் பக்கமே வருவதில்லை.

ஒரே ஒரு வார்த்தையை மட்டும் யாருக்கும் தராமல் பொத்தி வைத்திருந்தான்: ‘பெர்மனன்ட்’. யார்டில் பாதிப் பேரைப்போல அவனும் கான்ட்ராக்ட் ஆள். “அது என் வேலைக்கு, மாமு. ஆர்டர் கைக்கு வர்ற அன்னிக்குத்தான் எடுப்பேன்” என்பான்.

காசிமேட்டில் அவனுக்குப் பெண் பார்க்கப் போனோம். பெண்ணின் அப்பா விசைப்படகு ஓட்டுபவர். பெண் வந்து காபி கொடுத்துவிட்டு, இவனை நேராகப் பார்த்தாள். இவன் கண்ணை இடுக்கினான்.

“இன்னா நைனா, பொண்ணு புடிச்சிக்கீதா?” என்றார் அப்பா.

காபியில் ஆடை படிந்தது. நான் அவன் காதருகே குனிந்தேன்.

“பியூட்டிஃபுல்னு சொல்லித் தொலைடா!”

“அது பேசின் பிரிட்ஜ் பவர் ஹவுஸ் சிம்னி புகைக்குப் பூட்ச்சே, மாமு.”

“லவ்லி?”

“எருமைக்குக் குட்த்துட்டேன்.”

அப்பா எழுந்துவிட்டார். “புடிக்கலன்னா சொல்லிட்டுக் கெளம்பு. வூடு தேடி வந்து பேஜார் பண்ணாத.”

வேறு வழியில்லாமல் நானே விஷயத்தைப் போட்டு உடைத்தேன். வீடே சிரித்தது, அப்பாவைத் தவிர. பெண் மட்டும் அக்கறையாகக் கேட்டாள். “எருமைகிட்டேர்ந்து திருப்பி வாங்கிக்க முடியாதா?”

“குட்த்தது குட்த்ததுதாங்க” என்றான்.

“அப்போ யோசிக்கட்டும்ப்பா. நான் இங்கதான கீறேன்” என்று அவள் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

அவன் காபியைக் கீழே வைத்தான். என்னை ஒருமுறை பார்த்தான். பிறகு அவளைப் பார்த்து, “பெர்மனன்ட்” என்றான்.

எங்கள் பக்கத்தில் அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியாத வீடு கிடையாது. அப்பா மெதுவாக உட்கார்ந்து, “காபி ஆறிட்ச்சு, வேற போடும்மா” என்றார்.

திரும்பும் வழியெல்லாம் திட்டினேன். “வேலைக்கு வச்சிருந்தத தூக்கிக் குடுத்துட்டியேடா!”

“வேலைக்கு வேற எதுனா கெடைக்கும், மாமு.”

சில வருடங்கள் கழித்து நிஜமாகவே ஆர்டர் வந்தது. அதிகாரி கைகுலுக்கி, “இனிமே நீ பெர்மனன்ட்” என்றார்.

“அந்த வார்த்தை எங்க வூட்ல கீது, சார். இதுக்கு வேற பாக்கலாம்” என்றவன், ஆர்டரை விரித்துக் கண்ணை இடுக்கினான். அன்று சாயங்காலம்வரை ஒரு பெட்டி அந்தரத்தில் நின்றது.

அதன்பின் நானும் எத்தனையோ பேரிடம் பாராட்டு வாங்கிவிட்டேன். ஆனாலும் யாராவது வேறொருவரை ‘டாலரபிள்’ என்று சொன்னால், எனக்கு இன்றும் சுருக்கென்கிறது. அது அவன் எனக்குக் கொடுத்தது.