மஞ்சளாரும் சோடியில்லாத வரியும்

கொழும்பில் மவுஸைக் கையில் பிடித்துச் சீவிக்கிறவர்கள் லட்சக்கணக்கில் இருப்பார்கள். ஒரு தடவைகூடக் க்ளிக் பண்ணாமல், அதைச் சும்மா நகர்த்தியே ஊர் முழுக்கப் பகை சம்பாதித்தவர் மஞ்சளார் ஒருவர்தான். சந்தேகம் உள்ளவர்கள் கோடுகள் இருக்கும் புதுக்கடையில் எந்தச் சட்டத்தரணியின் கிளாக்கரிடமும் விசாரித்துப் பார்க்கலாம். விசாரிக்கும்போது கொஞ்சம் தள்ளி நிற்பது நல்லது.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. கீழே சாப்பாட்டுப் பார்சல் விற்கும் சிங்கள ஆள்கூட "கஹ மாத்தயா" என்றுதான் கூப்பிடுவார். கஹ என்றால் மஞ்சள், மாத்தயா என்றால் ஐயா.

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றின் மேல்மாடியில் எங்கள் மொழிபெயர்ப்புக் கந்தோர். காணி உறுதிப் பத்திரம், சத்தியக் கடதாசி, விவாகரத்துத் தீர்ப்பு என்று மனிதருக்கு வரக்கூடிய வில்லங்கம் எல்லாம் மூன்று மொழியிலும் அங்கே வந்து போகும். நான் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளன். முத்திரை என் மேசையில். மஞ்சளாருக்கு ஒப்புநோக்கும் வேலை; நான் எழுதியதை மூலத்தோடு வைத்துப் பார்த்துப் பிழை பிடிக்க வேண்டும். ஊரில் இருக்கும் அத்தனை வேலைகளுக்குள்ளும் என்னை எரிச்சல்படுத்தவென்றே உண்டாக்கப்பட்டது அது என்று நான் நினைத்திருந்தேன்.

நாங்கள் எல்லோரும் உலகம் பாவிக்கும் சாதாரண மென்பொருளில் தட்டிக்கொண்டிருக்க, அவர் மட்டும் ஒரு கறுப்புத் திரையைத் திறந்து வைத்திருப்பார். அது ஒரு எடிட்டராம். மெனு இல்லை, படம் இல்லை, பார்க்க ஒரு லட்சணமும் இல்லை. ஆனால் நமக்கு என்ன வேலை வேண்டுமோ அதை நாமே எழுதி அதற்குச் சொல்லிக் கொடுக்கலாமாம். எழுதும் மொழியையும் காட்டினார். பாதிக்கு மேல் அடைப்புக்குறிகள்.

அதில் இரண்டு மாதம் மினக்கெட்டு ஒரேயொரு வித்தை செய்தார். திரையின் இடப்பக்கம் மூலம், வலப்பக்கம் மொழிபெயர்ப்பு. ஒவ்வொரு வரியையும் வாசித்து, இதற்கு இது சோடி என்று தானே முடிச்சுப் போடுவார். பிறகு மவுஸின் அம்புக்குறி ஒரு வரியின் மேலே போனால் அந்த வரி மஞ்சளாகும். அதே கணத்தில் மறுபக்கத்தில் அதன் சோடியும் மஞ்சளாகும். அம்பு நகர்ந்தால் மஞ்சளும் போய்விடும். சோடியில்லாத வரி மட்டும் அம்பு எவ்வளவு நேரம் மேலே நின்றாலும் நிறம் மாறாது. கடைசி வரி மஞ்சளாகும்வரை கடதாசியை அவர் கையை விட்டு வெளியே எடுக்க முடியாது.

"ஏன் ஐசே மஞ்சள்? வேற நிறம் கிடைக்கேல்லையோ?" என்று கேட்டேன்.

"பச்சை, நீலம், சிவப்பு மூண்டுக்கும் கட்சி கிடக்கு அண்ணை. இது கோட்டுக்குப் போற பேப்பர்."

எங்கள் கந்தோருக்குப் பின்னால் ரயில் பாதை. ரயில் போனால் மேசை ஆடும், மேசை ஆடினால் மவுஸ் ஆடும், மவுஸ் ஆடினால் மஞ்சள் அடுத்த வரிக்குப் பாயும். ஆகவே ரயில் வரும் நேரங்களை மனப்பாடம் செய்து, வருவதற்கு முன்பே இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். முதல்முறை வருகிறவர்கள் யாரோ துவக்கு நீட்டிவிட்டார்கள் என்று பயந்து வாசலிலேயே நின்றுவிடுவார்கள். கொழும்பில் அப்படிப் பயப்பட எங்கள் ஆட்களுக்குச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

ஒருமுறை ஒரு விவாகரத்துத் தீர்ப்பைக் காலை முழுக்க மறித்து வைத்தார். ஒரு வரி மஞ்சளாகவில்லையாம். சட்டத்தரணியின் கிளாக்கர் படிக்கட்டில் நின்று மூன்று மொழியிலும் ஏசினார். எங்கள் கந்தோரில் அன்று நடந்த மிகச் சிறந்த மொழிபெயர்ப்பு அதுதான். கடைசியில் போய்ப் பார்த்தால் அது எழுத்தே இல்லாத வெறும் வரி.

மஞ்சளார் அசரவில்லை. "வெறும் வரியெண்டாலும் அங்கால ஒரு வெறும் வரி இருக்கவேணும்தானே அண்ணை?"

இன்னொரு நாள் ஒரு வரியும் மஞ்சளாகவில்லை. அடைப்புக்குறி ஒன்று குறைந்துபோனதாம். அதைத் தேடி அரை நாள். அதற்குப் பிறகு அவர் "மஞ்சளாகேல்லை" என்று சொன்னால் நாங்கள் யாரும் தலை நிமிர்த்துவதில்லை.

அவருக்குச் சம்பந்தம் பேசினார்கள். பெண் பம்பலப்பிட்டி, நல்ல குடும்பம். பெண்ணின் விபரம் எழுதிய தாளை ஒரு பக்கத்திலும் தன்னுடையதை மறுபக்கத்திலும் போட்டு இந்த மனிதர் முடிச்சுப் போட்டிருக்கிறார். பிறகு பெண்ணின் தகப்பனுக்கே தொலைபேசி எடுத்து, "உங்கட பதினோராவது வரிக்கு என்னட்டச் சோடி இல்லை அங்கிள்" என்றாராம். பதினோராவது வரி, வெளிநாடு போகத் தயாராக இருப்பவர் விரும்பத்தக்கது. தகப்பன் தொலைபேசியை வைத்தவர்தான். அந்தப் பெண் இப்போது கனடாவில். மஞ்சளார் சொன்னது சரிதான் என்று அன்று ஒருவரும் சொல்லவில்லை. நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

சிரிப்பு அந்தச் செவ்வாய்க்கிழமையோடு முடிந்தது.

கொட்டாஞ்சேனையில் பிலோமினா அன்ரி என்று ஒருவர். பள்ளிக்கூடச் சீருடை தைத்து, கணவன் விட்டுப்போன சின்ன வீட்டில் மகனோடு இருந்தார். மகனுக்கு வெளிநாட்டு விசா எடுக்க வேண்டும். சொத்துக் காட்டினால் விசா சுகமாகக் கிடைக்கும் என்று யாரோ சொல்ல, வீட்டை மகன் பெயருக்கு நன்கொடையாக எழுத அன்ரி சம்மதித்தார். ஒரேயொரு நிபந்தனை: தான் சாகும்வரை அந்த வீட்டில் இருக்கும் சீவிய உரித்து தனக்கு வேண்டும். சட்டத்தரணி உறுதியை ஆங்கிலத்தில் எழுதினார். அன்ரிக்கு ஆங்கிலம் தெரியாது. வாசித்து அறிந்த பிறகு கையெழுத்து வைக்கத் தமிழ்ப் பிரதி எங்களிடம் கேட்டார்கள்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வெளியில் சொல்வதில்லை. புது உறுதி வந்தால் முதலிலிருந்து மொழிபெயர்க்க மாட்டோம். பழைய உறுதி ஒன்றைத் திறந்து, பெயர்களையும் எல்லைகளையும் மாற்றிவிடுவோம். நானும் அப்படித்தான் செய்தேன். மஞ்சளார் இன்னும் முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்க, அன்ரி வந்துவிட்டார், கீழே மகன் ஓட்டோவில் அவசரப்படுகிறான் என்று முத்திரையைக் குத்திக் கொடுத்துவிட்டேன். அன்ரி நின்றபடியே விரல் வைத்து வாசித்தார். சீவிய உரித்து என்ற இடம் வந்ததும் முகம் மலர்ந்தது.

"இது காணும் தம்பி. எனக்கு வேறொண்டும் வேணாம்" என்று சொல்லிப் போனார்.

அரை மணித்தியாலம் கழித்து மஞ்சளார் என் பக்கம் திரும்பினார்.

"அண்ணை, இருபத்திரண்டாவது வரி மஞ்சளாகேல்லை."

"உம்மட மெசினுக்கு எப்பவும் ஒரு வருத்தம்."

"மெசின் சரி. தமிழில அன்ரி சாகுமட்டும் இருக்கலாமெண்டு கிடக்கு. இங்கிலீஷில அப்பிடியொரு கதையே இல்லை. வந்து பாருங்கோ."

போய்ப் பார்த்தேன். இல்லைத்தான். அந்த வரி நான் திறந்த பழைய உறுதியில் இருந்து வந்தது. ஆங்கிலத்தில் அதை விட்டது மகனா, சட்டத்தரணியா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் இருக்கிறது என்று அந்த மனுஷியை நம்ப வைத்தது நான். அதைச் சொன்னால் என் வழக்கமும் வெளியே வரும், முத்திரையும் போகும்.

"பெரிய லோயர் எழுதினது. நீர் உம்மட வேலையைப் பாரும்" என்றேன்.

அவர் தன் வேலையைத்தான் பார்த்தார். லப்டொப்பையும் மவுஸையும் அள்ளிக்கொண்டு ஓட்டோ பிடித்துப் புதுக்கடையில் அந்தச் சட்டத்தரணியின் அறைக்குப் போய்விட்டார். அங்கே நடந்ததைக் கிளாக்கர் பிறகு சொல்லிச் சொல்லிச் சிரித்தார். மேசையில் மவுஸ் வைக்க இடமில்லாமல், தடித்த வழக்குக் கோவை ஒன்றை மடியில் வைத்து அதன்மேல் மவுஸை ஓட்டினாராம். வரிகள் ஒவ்வொன்றாக மஞ்சளாக, அன்ரி வாயைப் பிளந்து பார்த்திருக்கிறார். இருபத்திரண்டாவது வரியில் அம்பு நின்றது.

"ஒண்டும் தெரியல்லயே தம்பி" என்றார் அன்ரி.

"அதுதான் அன்ரி. ஒண்டும் தெரியேல்லை. அதைத்தான் காட்டுறன்."

எல்லோரும் சிரித்தார்கள். "அம்மா, இந்தாளுக்குப் பைத்தியம்" என்றான் மகன். மஞ்சளார் வாயாலும் சொன்னார்: இங்கிலீஷில் அந்த வரி இல்லை, கையெழுத்து வைக்காதேங்கோ என்று கெஞ்சினார். அன்ரி கெட்டிக்காரி. யாரையும் நம்பாமல் எனக்குத் தொலைபேசி எடுத்தார். முத்திரை குத்தியவனைக் கேட்பதுதானே முறை.

"தம்பி, நீங்க சொல்லுங்க. எல்லாம் சரிதானே?"

"ஓம் அன்ரி, எல்லாம் சரி. அவர் கொஞ்சம் அப்பிடி ஆள்" என்றேன்.

வைத்துவிட்டார் கையெழுத்தை.

அடுத்த நாள், சட்டத்தரணியின் அறையில் கந்தோரின் மானத்தை வாங்கியதற்காக முதலாளி மஞ்சளாரை வேலையிலிருந்து நிற்பாட்டினார். அதற்கான கடிதத்தைத் தட்டியவன் நான். அதை மூன்று மொழியிலும் பிழையில்லாமல் தட்டினேன்.

மகன் வீட்டை விற்றுவிட்டு வெளிநாடு போய்விட்டான். வாங்கியவர்கள் வந்து கதவைத் தட்டினார்கள். அன்ரி எங்கள் தமிழ்ப் பிரதியைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்து, அந்த வரியில் விரலை வைத்து, "இங்க இருக்குத்தானே தம்பி?" என்றார். முதலாளி, கந்தோருக்கு இதில் சம்பந்தமில்லை என்றார். நான் கணினித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்ரி தையல் மெசினோடு வத்தளையில் தங்கச்சி வீட்டு விறாந்தைக்குப் போனார்.

ஒரு மாதம் கழித்து மஞ்சளார் வந்தார். களனியில் அறை எடுத்து இருக்கிறாராம். அன்ரிக்கு வேறொரு சட்டத்தரணி பிடித்து வழக்குப் போட்டிருக்கிறாராம். கீழே சாப்பாட்டுக் கடைக்கு என்னைக் கூட்டிப்போய் ஒரு சத்தியக் கடதாசியை நீட்டினார். பழைய உறுதியைப் பார்த்து எழுதியது, பிழை தெரிந்த பிறகும் சரி என்று சொன்னது, எல்லாம் என் வாயால் சொல்வது போலவே இருந்தது.

"இதில சைன் வைச்சால் என்ர முத்திரை போயிடும்" என்றேன்.

"ஓம், போகும்."

"உமக்கு என்னில கோபமில்லையோ?"

"இருக்கண்ணை. நிறைய இருக்கு. அன்ரிக்கு இருக்க இடமில்லையே."

பேனையை எடுத்தேன். அவர் கடதாசியின் மேலே கையை வைத்து மறித்துவிட்டார்.

"வாசியுங்கோ. வாசிக்காமல் சைன் வைக்க விடமாட்டன்."

"நீர் எழுதினதை நான் ஏன் வாசிக்க?"

"அன்ரியும் உங்களைப் பற்றி அப்பிடித்தான் நினைச்சவ."

வாசித்தேன். ஒவ்வொரு வரியாக வாசித்தேன். கண் கலங்கி இரண்டு தடவை நிற்க வேண்டியிருந்தது. பிளேன்டீ ஆறும்வரை அவர் பக்கத்தில் இருந்தார். பிறகு இரண்டு பேரும் சமாதான நீதவானிடம் நடந்து போனோம். அங்கே நீதவானுக்கு முன்னால் சத்தியம் செய்து கையெழுத்து வைத்தேன்.

வழக்கு இன்னும் தவணைக்குமேல் தவணையாகப் போய்க்கொண்டிருக்கிறது. என்னிடம் முத்திரை இல்லை. அதனால்தான் வாராவாரம் இந்தப் பத்திரிகைப் பத்தியை உங்களுக்கு எழுத நேரம் கிடைக்கிறது. மஞ்சளாரிடம் இன்னும் வாய்விட்டு மன்னிப்புக் கேட்கவில்லை. இதை அவர் வாசிப்பார், நாலு பிழை கண்டுபிடித்து எனக்குத் தொலைபேசியும் எடுப்பார். எடுக்கட்டும். அந்தக் குரலைக் கேட்கத்தான் காத்திருக்கிறேன்.