மைத்துனன் அனுப்பிய டப்பா

அன்புள்ள மைத்துனனுக்கு,

உன் அக்காள் புருஷன் எழுதிக்கொள்வது. இவ்விடத்தில் உன் அக்காள் நலம். நான் நலமில்லை, கார் அதைவிட நலமில்லை. நீ நலமா என்று கேட்கப்போவதில்லை. அடுத்தவன் குடும்பத்தில் கொள்ளி வைத்துவிட்டு ஊரில் போய் உட்கார்ந்திருப்பவன் நலமாகத்தான் இருப்பான். போனில் நாலு வார்த்தை கேட்கலாம் என்றால், என் குரலைக் கேட்டதுமே "அத்தான், சிக்னல் இல்ல, அப்புறம் கூப்பிடறேன்" என்கிறாய். கடிதத்துக்கு சிக்னல் தேவையில்லை. ஆகவே உட்கார்ந்து, நிதானமாக, முழுவதையும் படி.

நீ அனுப்பிய பார்சல் வந்தது. மேலே உன் அக்காள் பெயர் இருந்தது. இருந்தால் என்ன, வீட்டுக்குப் பெரியவன் பிரிக்கக் கூடாதா? பிரித்தால் உள்ளே பளபளவென்று ஒரு அலுமினிய டப்பா, இரண்டு ரப்பர் குழாய், கொஞ்சம் நட்டு போல்ட்டு. என்ன ஏது என்று உனக்குப் போன் செய்தேன். அதற்குப் பெயர் ஆயில் கேட்ச் கேன், எஞ்சின் விடுகிற மூச்சோடு எண்ணெய்ப் புகையும் சேர்ந்து வரும், அதை வழியிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும் என்றெல்லாம் விளக்கினாய். நல்லது. அதோடு நிறுத்தியிருக்கலாம். "நீங்க கை வெக்காதீங்க அத்தான், நான் வந்து மாட்டிக்கறேன், அந்த பானெட்டுக்குள்ள எடமே கெடையாது, ஒங்களுக்கு அது வராது" என்று ஒரு வார்த்தை சொன்னாய் பார், அதுதான் இத்தனைக்கும் காரணம். யாரிடம் சொல்கிறாய்? ஓய்வு பெறும்வரை கிடங்கு மேலாளராக இருந்தவனிடம்! இரண்டு லாரிச் சரக்கை ஒரு லாரி இடத்தில் அடுக்கிக் காட்டியவனிடம் இடம் இல்லை என்று சொல்ல உனக்கு எப்படி வாய் வந்தது? நீ அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் அந்த டப்பாவைப் பரண்மேல் போட்டுவிட்டு என் ஜோலியைப் பார்த்திருப்பேன்.

அன்று மத்தியானம் உன் அக்காள் அசதியில் படுத்திருந்தாள். நான் சத்தமில்லாமல் பானெட்டைத் திறந்தேன். ஒத்துக்கொள்கிறேன், அது கூட்டம்தான். பேட்டரி, ரேடியேட்டர், தண்ணீர்த் தொட்டி, பெயர் தெரியாத பெட்டிகள், எங்கே பார்த்தாலும் வயர். விரல் நுழையாது. ஆனால் எஞ்சினுக்கும் ரேடியேட்டர் குழாய்க்கும் நடுவில், அம்சமாக, ஒரு இடம் காலியாக இருந்தது! இவ்வளவு பெரிய கம்பெனி, இத்தனை என்ஜினியர், ஒருத்தன் கண்ணிலும் படாமல் விட்டிருக்கிறான்களே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. டப்பாவை வைத்துப் பார்த்தேன், அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது. முடுக்கப் போனால் ஹாரன் இடித்தது. ஹாரனைக் கழற்றிப் பின்பக்கம் திருப்பி வைத்தேன். அதுமுதல் அது ஆட்டுக்குட்டிக்கு ஜலதோஷம் பிடித்த மாதிரி கத்துகிறது, அது வேறு விஷயம். ஸ்பானர் கைநழுவி உள்ளே விழுந்தது. விழுந்த சத்தம் கேட்டது, கீழே தரையில் வந்து சேரவில்லை, இன்றுவரை வரவில்லை. கடைசியில் பானெட்டை மூடினால் மூடமாட்டேன் என்றது, டப்பாவின் மூடி மேலே முட்டுகிறது. பானெட்டுக்கு அடியில் மெத்தை மாதிரி ஒன்று ஒட்டியிருக்கிறதே, அதில் சமையலறைக் கத்தரிக்கோலால் ஒரு வட்டம் வெட்டி எடுத்தேன். மூடிக்கொண்டது. அந்தக் கத்தரிக்கோல் இப்போது எதையும் வெட்டுவதில்லை. இதற்கும் நீதான் பொறுப்பு.

மறுநாள் காலை உன் அக்காள் வேலைக்குக் கிளம்பினாள். உனக்கே தெரியும், படுத்த படுக்கையாகக் கிடக்கிறவர்களின் வீடு தேடிப் போய்க் கை கால் அசைக்கப் பழக்குகிற வேலை. அவள் வருகிறாள் என்று விடிந்ததிலிருந்து கதவைப் பார்த்துக்கொண்டு கிடப்பார்கள். நானும் வருகிறேன் என்று முன் ஸீட்டில் ஏறிக்கொண்டேன். ஒன்றும் சொல்லவில்லை, போய்ச் சேர்ந்ததும் திறந்து காட்டி அசத்தலாம் என்று இருந்தேன். வண்டியைக் கிளப்பினதும் முன்னால் "டொக்" என்றது. "என்ன சத்தம் அது?" என்றாள். "ரோடு சரியில்ல" என்றேன். வண்டி இன்னும் வாசலைத் தாண்டவில்லை. கியர் மாற்றும்போதெல்லாம் டொக், டொக். மேம்பாலத்தில் ஏறி, நடு ஏற்றத்தில், அவள் ஒரு மிதி மிதித்தாள் பார், டமார் என்று ஒரு சத்தம், பானெட்டின் நாலு பக்கமும் புசுபுசுவென்று ஆவி, கீழே ரேடியேட்டரின் பச்சை நிறத் தண்ணீர் ஆறாக ஓடுகிறது, பின்னால் ஊரே ஹாரன் அடிக்கிறது. நாமும் பதிலுக்கு அடிக்கலாம் என்றால் நம்முடையது "மே" என்கிறது!

விஷயம் என்னவென்றால், அந்தப் பாழாய்ப்போன எஞ்சின் ஆடுமாம். கியர் விழும்போது முன்னால் ஒரு சாய்வு சாயுமாம். அது சாய்ந்து சாய்ந்து டப்பாவை இடித்து, டப்பா போய் ரேடியேட்டர் குழாயைக் குத்திக் கிழித்துவிட்டது. இதை நீ போனில் சொன்னாயா? எஞ்சின் ஆடும் அத்தான் என்று ஒரு வார்த்தை? கிடங்கில் நான் அடுக்கிய மூட்டை எதுவும் ஆடினதில்லை! வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போக வந்த மெக்கானிக் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "எந்த மகராசன் சார் இதை இங்க மாட்டுனது?" என்றான். "என் மச்சினன்" என்றேன். வேறு என்ன சொல்வது? உன் அக்காள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அன்றைக்கு அவளைப் பார்க்கக் காத்திருந்த நாலு வீட்டுக்கும் போன் போட்டு, வரமுடியவில்லை என்று அவள் மன்னிப்புக் கேட்டாள். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து கத்துவாள் என்று பார்த்தேன். கத்தவில்லை. செருப்பைக் கழற்றிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். "அந்த எடம் சும்மா கெடக்குற எடம் இல்லீங்க. எஞ்சின் ஆடறதுக்குன்னு விட்ட எடம். ஒங்களுக்குத்தான் கண்ணுல கொஞ்சம் காலியா எது பட்டாலும் ஆகாதே! ரிடையர் ஆனதுலேர்ந்து அலமாரியில எடம் இருந்தா டப்பாவை அடுக்கறீங்க. நான் வேலை முடிஞ்சு வந்து கொஞ்ச நேரம் சும்மா உக்காந்தா, எதிர்ல நாற்காலியை இழுத்துப் போட்டுட்டு, அடுத்து என்ன, அடுத்து என்னங்கறீங்க. எனக்கும் ஆடி அசையக் கொஞ்சம் எடம் வேணாமா?" அவ்வளவுதான். அதோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

இது நியாயமா, நீயே சொல்! நாள் முழுக்க வீட்டில் தனியாகக் கிடக்கிறவன், பெண்டாட்டி வந்ததும் பேசாமல் வேறு யாரிடம் பேசுவான்? அலமாரியிடமா? அவள் பஸ்ஸில் போகிறாள், பஸ்ஸில் வருகிறாள். சோறு போடுகிறாள். தட்டைச் சத்தமே வராமல் வைக்கிறாள். ணங்கென்று வைத்தாலாவது கோபம் இருக்கிறது, தணிந்துவிடும் என்று தைரியமாக இருப்பேன். எனக்குக் கார் போனது பெரிதில்லை. அவள் பேசாமல் இருக்கிறாள் பார், அது தாங்கவில்லை. சொல்லிவிட்டேன்.

ஆகையால் நீ செய்யவேண்டியது இதுதான். அக்காளுக்கு உடனே போன் செய்து, தவறு முழுவதும் உன்னுடையது, கேட்காமல் கொள்ளாமல் டப்பாவை அனுப்பியது உன் அதிகப்பிரசங்கித்தனம், அத்தான் பாவம் என்று சொல்லவேண்டும். சொல்கிறவரை இந்த வீட்டு வாசற்படியை நீ மிதிக்கக் கூடாது. இனி எந்தப் பார்சலும் அனுப்பக் கூடாது. டப்பாவை, நசுங்கினபடியே, உனக்குத் திருப்பி அனுப்புகிறேன். உன் தலையில் மாட்டிக்கொள், அங்கே நிறைய இடம் காலி.

இவ்வளவு சொன்னாலும் நான் மூத்தவன், வாழ்த்தாமல் முடிக்கக் கூடாது. நோய்நொடி இல்லாமல், புத்தி என்று ஒன்று வந்து, நீண்ட நாள் நன்றாக இரு.

இப்படிக்கு,
மிகுந்த கோபத்துடன்,
உன் அத்தான்

பி.கு.: உறையை ஒட்டப் பசை தேடி உள்ளே போனேன். திரும்பி வருவதற்குள் உன் அக்காள் இதையெல்லாம் கையில் வைத்துப் படித்துக்கொண்டிருக்கிறாள். ஆட்டுக்குட்டி வந்த இடத்தில் அவள் தோள் குலுங்கிற்று. அழுகிறாளோ என்று பயந்துவிட்டேன். சிரிக்கிறாள்! "அவனைப் போய் ஏன் திட்டறீங்க? வண்டிக்கு அது வேணும், வாங்கி அனுப்புடான்னு சொன்னதே நான்தான். பார்சல் மேல என் பேரு இருந்துச்சே, அப்பகூடவா ஒங்களுக்குத் தோணல?" என்றாள். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்றேன். "சொன்னா நீங்க சும்மா இருப்பீங்களா?" என்றாள். ஆகையால் மேலே உன்னைப் பற்றி எழுதியிருப்பதை எல்லாம் அடித்துவிட்டதாக நினைத்துக்கொள். கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதுகிறேன் என்றால், "அப்படியே அனுப்புங்க, அவனும் படிக்கட்டும்" என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை புது டப்பாவோடு வந்து சேர். நீயும் அவளுமாக மாட்டுவதாக ஏற்பாடு. நான் டார்ச் மட்டும் பிடிக்கலாமாம், வாயைத் திறந்தால் அதையும் பிடுங்கிக்கொள்வாளாம். சரி என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொன்னாலும் அப்போது சரி என்றுதான் சொல்லியிருப்பேன். பேசிவிட்டாளடா!