முகம் வராத லேப்டாப்

வெள்ளிமலை,
வியாழக்கிழமை.

அன்பு மகள் சிவரஞ்சனிக்கு, அப்பா கண்ணுசாமி ஆசீர்வாதம் செய்து எழுதுவது. இங்கே நானும், இரண்டு ஆடும், விடாத மழையும் சுகம். புனேயில் நீயும் உன் ஆபீசும் சுகமாக இருக்க வேண்டும். போனில் சொல்லலாம் என்றால், "நல்லா இருக்கியாப்பா, மீட்டிங்ல இருக்கேன்" என்று வைத்துவிடுகிறாய். இது மீட்டிங்குக்கு நடுவில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. அதனால்தான் கடிதம்.

விஷயம், நீ வாங்கிக் கொடுத்த லேப்டாப். ஞாயிற்றுக்கிழமை காலையில் மணி அடிக்கும், பச்சையை அமுக்கினால் உன் முகம் வரும் என்றுதானே சொல்லிக்கொடுத்தாய்? ஆடி மாசத்திலிருந்து முகம் வரவில்லை. நானும் சட்டையைப் போட்டுக்கொண்டு மத்தியானம் வரைக்கும் உட்கார்ந்து பார்க்கிறேன், ஏதோ ஒரு மலைப் படம் மட்டும் நிற்கிறது. மலையை நான் கதவைத் திறந்தாலே பார்ப்பேன், அதற்கு எதற்குக் கரண்ட்? நீ அந்தப் பக்கம் கூப்பிட்டுக் கூப்பிட்டு அப்பா ஏன் எடுக்கவில்லை என்று பதறிப்போயிருப்பாய் என்று, கம்பெனிக்குப் போன் போட்டேன். ஒரு பெண், தமிழுக்கு இரண்டை அமுக்கச் சொன்னது. "இரும்மா, கண்ணாடி எடுத்துக்கினு வர்றேன்" என்றேன். அது பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனது. டேப்பாம். அப்புறம்தான் நிஜப் பெண் வந்து, "என்ன பிரச்சினை சார்?" என்று கேட்டது. "முகம் தெரியலம்மா" என்றேன். டிஸ்ப்ளே கம்ப்ளைன்ட் என்று எழுதிக்கொண்டது. ஆள் வீட்டுக்கே வருவாராம், ஆனால் மலைக்கு வரமாட்டாராம். "உங்க ஊர் எங்க சிஸ்டத்துல இல்லை சார்." "நான் அந்த ஊர்லதாம்மா குந்திக்கினு பேசறேன்" என்றேன். "சிரமத்துக்கு வருந்துகிறோம் சார்" என்றது.

சரியென்று பெட்டியைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, கொண்டை ஊசி வளைவெல்லாம் இறங்கிக் கள்ளக்குறிச்சிக்குப் போனேன். திரையை மாற்றினார்கள். ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் அதே மலை, இன்னும் பளிச்சென்று. மறுபடி போன். "முகம் இன்னும் வரலம்மா." இந்தத் தடவை கேமரா கம்ப்ளைன்ட். மறுபடி போர்வை, மறுபடி பஸ். கேமராவை மாற்றிய பிறகு முகம் வந்தது சிவா, என்னுடையது! சும்மா சொல்லக்கூடாது, தாடியில் ஒவ்வொரு மயிரும் தெரிகிறது. என் மூஞ்சியை வைத்துக்கொண்டு நான் இன்னா பண்ணுவேன்? உங்க அம்மா போனதிலிருந்து இந்த வூட்டில் அந்த ஒரு மூஞ்சியைத்தானே பார்த்துக்கினு இருக்கேன். மணி அடிக்கவில்லை என்று சொன்னதற்கு சவுண்ட் கம்ப்ளைன்ட் என்று ஸ்பீக்கரையும் மாற்றிவிட்டார்கள். இப்போது பெட்டியில் பழசு என்று மிச்சமிருப்பது நான் சுற்றுகிற போர்வைதான்.

ஒவ்வொரு தடவையும் ரிப்பேர் முடிந்ததும் ஒரு பெண் கூப்பிட்டு, எங்கள் சேவைக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்கிறது. நான் மழையைச் சொன்னேன், சாமை சாய்ந்ததைச் சொன்னேன், சாப்பிட்டியாம்மா என்று கேட்டேன். "சார், கால் ரெக்கார்ட் ஆகுது" என்றது. "ஆவட்டும்மா, சாப்ட்டியா இல்லியா?" "இல்ல சார்" என்றது. பத்துக்குப் பத்து போட்டுவிட்டேன். அதற்காகக் கம்பெனியை விட்டுவிடாதே. அப்பாவையும் மகளையும் இத்தனை மாசம் பிரித்து வைத்திருக்கிறீர்கள் என்று இங்கிலீஷில் காரமாக எழுது. கேஸ் போடு. இந்தப் பெட்டியே நமக்கு வேண்டாம், திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்.

நேரத்துக்குச் சாப்பிடு. நம் மலைச்சாமி கரியராமர் உன் கூடவே இருந்து காப்பாற்றட்டும். உன் ரூம் பிள்ளைகளை விசாரித்ததாகச் சொல்.

இப்படிக்கு, அப்பா
கண்ணுசாமி

பி.கு: கடிதத்தை ஒட்டுவதற்குள், சர்வீஸ் சென்டரில் வேலை செய்கிற ரம்யா என்ற பெண் ஸ்கூட்டியில் நனைந்துகொண்டே மலையேறி வந்துவிட்டது. ஒரே பெட்டி திரும்பத் திரும்ப வருகிறதே, நேரில்தான் பார்ப்போம் என்று வந்ததாம். கொஞ்ச நேரம் தட்டிப் பார்த்துவிட்டு, "ஐயா, இதுல ஒரு கோளாறும் இல்லீங்க. ஆடியிலேர்ந்து இதுக்கு யாரும் கால் பண்ணலீங்க" என்றது. எம் பொண்ணு பண்ணியிருக்கும்மா, நல்லாப் பாரு என்றேன். நாம் எடுக்காத அழைப்பெல்லாம் சிவப்பாக நிற்குமாம், திருப்பிக் காட்டியது. ஒன்றும் நிற்கவில்லை. சாமைச் சோறும் அவரைக்காய்க் குழம்பும் போட்டேன், கேட்டு வாங்கி இன்னொரு தடவை சாப்பிட்டது. கிளம்பும்போது, "டவர் இல்லாம இருந்திருக்கும், நம்பர் மாறியிருக்கும், அக்கா பண்ணியிருப்பாங்க ஐயா" என்றது. நல்ல பெண். பொய் சொல்லத்தான் வரவில்லை.

கம்பெனிக்கு ஒன்றும் எழுதாதே. உனக்கு வேலை ஜாஸ்தி, எனக்குத் தெரியாதா? இந்தப் பக்கமிருந்து எப்படிக் கூப்பிடுவது என்று ரம்யா சொல்லிக்கொடுத்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நானே கூப்பிடுகிறேன். எடுக்க முடியாவிட்டால் பரவாயில்லை சிவா, கட் மட்டும் பண்ணாதே. அங்கே மணி அடிப்பதைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.