கோர்ட் தேடிய வாழைக்கறை

என்னுடைய முட்டாள்தனம் கோர்ட் முத்திரையோடு பதிவாகியிருக்கிறது. நம்பாதவர்கள் பாளையங்கோட்டைக் கோர்ட்டில் மனுப் போட்டு, அந்தத் தீர்ப்பின் நகலை வாங்கி, ஒன்பதாம் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கலாம். (அவ்வளவு சிரமம் வேண்டாம். என் மாமியார் மூன்று நகல் வாங்கி வைத்திருக்கிறார். கேட்டால் காபியோடு கொடுப்பார்.)

அப்போது எனக்குக் கல்யாணமாகி நான்கு மாதம். மாமியார் பெயர் கிரேஸ். எங்கள் பகுதிக்கே கிரேஸ் டீச்சர். முப்பது வருஷம் பிள்ளைகளுக்குக் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவர். மாமா காலமான பிறகு கார் ஓட்டக் கற்றுக்கொண்டு, சின்னதாக ஒரு வெள்ளைக் கார் வாங்கி, வண்ணார்பேட்டை நெரிசலில் டவுண் பஸ்காரர்களையே ஒதுங்க வைத்தவர். எனக்கு இன்றுவரை கார் ஓட்ட வராது. ஸ்கூட்டரில் வந்து இறங்கும் மருமகனை அவர் ஒருநாளும் இளக்காரமாகப் பார்த்ததில்லை. அதனாலேயே அவரிடம் எப்படியாவது ஒரு பெரிய நல்ல பெயர் வாங்கிவிட வேண்டும் என்று எனக்குள் ஒரு அரிப்பு இருந்துகொண்டே இருந்தது.

ஒரு வியாழக்கிழமை அந்தச் சந்தர்ப்பம் வந்து சேர்ந்தது. அத்தை இன்டிகேட்டர் போட்டு வலது பக்கச் சந்துக்குள் பாதி திரும்பியிருக்கிறார். பின்னால் சேரன்மகாதேவிப் பக்கமிருந்து வாழைத்தார் ஏற்றி வந்த லோடு ஆட்டோ, அதே வலது பக்கமாக முந்தப் பார்த்து, கதவில் மோதிவிட்டது. அத்தைக்கு வலது மணிக்கட்டு ஒடிந்துவிட்டது. லோடு ஆட்டோ டிரைவரோ, "அந்தம்மா சிக்னலே போடல. திடீர்னு திரும்பிட்டாவ" என்று சாதித்துவிட்டார்.

என் மனைவி பியூலா அம்மாவோடு ஆஸ்பத்திரியில் தங்கிக்கொண்டாள். போலீஸ் ஸ்டேஷன் வேலை எனக்கு வந்தது. அங்கே ஏற்கெனவே பிடித்துவைத்த வண்டிகள் நிறைந்து, இன்னொன்று நிறுத்த இடமில்லை. எழுதிக்கொண்டிருந்த ஏட்டு தலையைத் தூக்காமலே சொன்னார்.

"திங்கக்கிழமை காலைல பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியப் பாப்பாரு. அதுவரைக்கும் ஒங்க வீட்லயே நிக்கட்டும். வண்டிய நல்லபடியா வச்சிருங்க, என்ன?"

பிரேக் இன்ஸ்பெக்டர் என்பவர் விபத்தில் சிக்கிய வண்டியைப் பார்த்து, எங்கே இடி, என்ன சேதம் என்று அறிக்கை எழுதும் அதிகாரி. அது எனக்குத் தெரியாது. என் காதில் விழுந்தவை இரண்டே சொற்கள். ஒன்று 'இன்ஸ்பெக்டர்'. இன்னொன்று 'நல்லபடியா'.

இதற்கு என் வளர்ப்பையும் கொஞ்சம் குறை சொல்ல வேண்டும். என் அப்பா ஒரு பழைய மிஷன் பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்தார். இன்ஸ்பெக்ஷன் என்று கடிதம் வந்துவிட்டால், உடைந்த பெஞ்சுகள் சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். வேப்பமரங்களுக்குக்கூட இடுப்பு வரை சுண்ணாம்பு அடிப்பார்கள். நான் வேலை பார்த்த தனியார் கல்லூரியிலோ, ஆய்வுக் குழு வரும் நாளில் பூந்தொட்டிகள் வாடகைக்கு வந்து இறங்கும், மறுநாள் போய்விடும். ஆக, இன்ஸ்பெக்டர் பார்க்க வருகிறார் என்றால் பார்க்கும்படியாக வைத்திருக்க வேண்டும் என்பது என் ரத்தத்தில் ஊறிய விஷயம்.

காரோ பார்க்கும்படியாக இல்லை. வலது பக்கப் பின்கதவு உள்வாங்கிக் கிடந்தது. அதிலிருந்து முன்கதவு வரை லோடு ஆட்டோவின் மஞ்சள் பெயிண்ட் ஒரு நீளக் கோடாக ஒட்டியிருந்தது. ஜன்னல் உயரத்தில் கறுப்பாக வாழைக்கறை வேறு.

வெள்ளிக்கிழமை முழுவதும் அந்தக் கறையோடு போராடினேன். சோப்பு போட்டேன். எலுமிச்சம்பழம் தேய்த்தேன். மண்ணெண்ணெய் எங்கும் கிடைக்காமல் ஸ்கூட்டரிலிருந்து பெட்ரோல் எடுத்துத் துடைத்தேன். (ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போது ஸ்கூட்டர் பாதி வழியில் நின்றது தனிக்கதை.) சாயங்காலம் கறை போய்விட்டது. அந்த வெற்றி தலைக்கேறியதில், மேலப்பாளையத்தில் பட்டறை வைத்திருக்கும் காதர் பாயை அழைத்துவந்தேன்.

அவர் கதவைத் தடவிப் பார்த்தார். "பின்னால இருந்து வந்துல்லா இழுத்துருக்கான். தம்பி, இதுக்குக் கேஸு கீஸு ஒண்ணும் இல்லையே?"

"அதெல்லாம் ஸ்டேஷன்ல பேசிட்டேன் பாய். திங்கக்கிழமை இன்ஸ்பெக்டர் பாக்காரு. அதுக்குள்ள நல்லபடியா வைக்கச் சொல்லிட்டாங்க."

"போலீஸே சொல்லிட்டாங்களா?" அவருக்கு ஆச்சரியம். இருந்தாலும் வண்டியை ஓட்டிக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கார் திரும்பி வந்தது. ஒடுக்கு இல்லை, கீறல் இல்லை, மஞ்சள் கோடு இல்லை. புதுப் பெயிண்டில் என் முகமே தெரிந்தது. உள்ளே மல்லிகை வாசனைக்கு ஒரு சின்னக் குப்பியும் தொங்கவிட்டேன். நான்கு பக்கமும் நின்று பதினோரு போட்டோ எடுத்து, 'இன்ஸ்பெக்ஷனுக்கு ரெடி' என்று எழுதிக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். பியூலாவின் போனில் சார்ஜ் இல்லை. அத்தையிடமிருந்து மட்டும் ஒரு கட்டைவிரல் வந்தது. அன்று இரவு எனக்கு அப்படி ஒரு தூக்கம்.

திங்கட்கிழமை பிரேக் இன்ஸ்பெக்டர் காரை மூன்று முறை சுற்றி வந்தார்.

"வண்டி எங்க?"

"இதுதான் சார்."

"இது இல்லங்க. ஆக்சிடென்ட் ஆன வண்டி."

"இதேதான் சார்."

கதவில் ஒரு விரலை வைத்தார். விரலை முகர்ந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். திட்டவில்லை. மனுஷர் பெருமூச்சு விட்டு, தன் தாளில் 'வெளிப்புறச் சேதம் ஏதும் காணப்படவில்லை' என்று எழுதினார். பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்த நான், முழு மதிப்பெண் வாங்கிவிட்டதாக நினைத்து அவருக்கு நன்றி சொன்னேன்.

அந்த ஒற்றை வரியின் பொருள், அத்தை இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டபோதுதான் புரிந்தது. எங்கள் வக்கீல் நமசிவாயம் அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார்.

"அந்த மஞ்சக் கோடு இருந்திருந்தா, டீச்சர் பாதி திரும்புன பிறகுதான் அவன் பின்னால இருந்து வந்து அடிச்சான்னு காட்டிருக்கலாம். அந்த வாழைக்கறை இருந்திருந்தா, தார் வண்டிக்கு வெளிய தொங்கிட்டு வந்திருக்குன்னு சொல்லிருக்கலாம். ரெண்டையும் தொடச்சிட்டீரேவே."

"இப்ப என்ன அண்ணாச்சி ஆகும்?"

"கையில இருந்த சாட்சியத்த பாதுகாக்காம விட்டா, அது இவங்களுக்குப் பாதகமா இருந்ததாலதான் காட்டலன்னு கோர்ட் எடுத்துக்கிடலாம். தண்டச் செலவும் போடலாம்."

அத்தை இன்னும் சரியாகாத கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அந்தக் கையால் அவருக்கு ஆறு மாதமாக ஒரு கையெழுத்துக்கூடப் போட முடியவில்லை.

சாட்சிக் கூண்டில் ஏறும் நாள் வந்தது. எனக்கு முன்னால் காதர் பாய், தான் பார்த்ததை உள்ளபடியே சொன்னார். ஆனால் கதவைச் சரிசெய்தவரே அவர்தான், கூலி கொடுத்தது நான்தான் என்பதால் அவர் பேச்சு அவ்வளவாக எடுபடவில்லை. அடுத்து நான். எதிர்த்தரப்பு வக்கீல், லோடு ஆட்டோவின் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக வந்தவர், மெல்லிய குரலில் ஆரம்பித்தார்.

"விபத்துக்கு அப்புறம் காரை போட்டோ எடுத்தீங்களா?"

"எடுத்தேன் சார். பதினோரு போட்டோ."

"எப்ப?"

"பெயிண்ட் அடிச்ச பிறகு."

"அதுக்கு முன்னால?"

"எடுக்கல."

"ஏன்?"

"பாக்க நல்லா இல்ல சார்."

நீதிபதி அம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

வக்கீல் குரலை உயர்த்தினார். "நான் சொல்றேன். தப்பு உங்க மாமியார் மேல. அதை மறைக்கணும்னு அவங்கதான் உங்களை விட்டுத் தடயத்தை அழிக்கச் சொன்னாங்க."

அத்தை முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். முப்பது வருஷம், ஒரு பிள்ளைக்குக்கூட அரை மதிப்பெண் கூட்டிப் போடாதவர். அவர் மேல் இந்தப் பழி விழாமல் இருக்க ஒரே வழிதான் இருந்தது. நான் மோசடிக்காரன் இல்லை, வெறும் முட்டாள்தான் என்பதை இந்தக் கோர்ட் நம்பும்படி நிரூபிக்க வேண்டும். வாழ்நாள் முழுவதும் மறைக்கப் பாடுபட்ட ஒன்றை, அன்று ஆதாரத்தோடு நிலைநாட்ட வேண்டியதாயிற்று.

நிலைநாட்டினேன். பள்ளிக்கூடத்து வேப்பமரங்களுக்கு அடித்த சுண்ணாம்பில் தொடங்கி, வாடகைப் பூந்தொட்டி, ஸ்கூட்டர் பெட்ரோல், மல்லிகைக் குப்பி வரை ஒன்றுவிடாமல் சொன்னேன். "அத்தைக்கு எதுவுமே தெரியாதும்மா. அவங்க ஆஸ்பத்திரில இருந்தாங்க. இன்ஸ்பெக்டர் வாராருன்னதும் நானாத்தான் இதச் செஞ்சேன்." கோர்ட்டில் யாரோ இருமினார்கள். அது இருமல் இல்லை.

நமசிவாயம் அண்ணாச்சி, 'இன்ஸ்பெக்ஷனுக்கு ரெடி' செய்தியின் நகலை எடுத்துக் கொடுத்தார். ஒளித்து அழிப்பவன் இப்படிக் குடும்பத்துக்கே படம் காட்டுவானா என்று கேட்டார். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"இதுக்குக் கீழே மனுதாரர் கட்டைவிரலை உயர்த்தி ஒப்புதல் கொடுத்திருக்காங்களே."

என் முட்டாள்தனத்துக்கு நானே கொண்டுவந்த ஆதாரம், அத்தை கழுத்தில் போய் விழுந்தது.

அத்தை எழுந்து நின்றார். "அம்மா, அன்னைக்குத்தான் எனக்குக் கையில பிளேட் வச்சாங்க. மயக்கம் முழுசா தெளியல. இடது கையில போனப் பிடிச்சதுல எது அமுங்குச்சோ தெரியல. அதே நாள்ல எங்க சர்ச் சபை குரூப்புல ஒரு மரணச் செய்தி வந்துது. அதுக்கும் அந்தக் கட்டவிரலத்தான் போட்டிருக்கேன். அவங்க வீட்டுக்கு இன்னும் எம் மேல வருத்தம்."

நீதிபதி அம்மா குனிந்து நெடுநேரம் எதையோ எழுதினார். தலை நிமிரவே இல்லை.

தீர்ப்பு வந்தது. ஒன்பதாம் பக்கம் இப்படிப் போகிறது: மனுதாரர் தரப்பு இரண்டாம் சாட்சியின் செயலில் கெட்ட எண்ணம் இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் அவருடைய அளவுகடந்த அறியாமையால் முக்கியத் தடயம் அழிந்துவிட்டது. அதன் பலனை மனுதாரருக்குத் தர இயலாது. எனவே விபத்தில் நான்கில் ஒரு பங்கு பொறுப்பு மனுதாரருடையது என்று கொள்ளப்படுகிறது, இழப்பீட்டில் அந்தப் பங்கு கழிக்கப்படும். எதிர்த்தரப்புக்கு ஏற்பட்ட வீண் அலைச்சலுக்குச் செலவுத்தொகையும் கட்ட வேண்டும்.

கோர்ட் வாசலில் நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். "அத்தை, என்ன மன்னிச்சிருங்க. நல்லது செய்யணும்னுதான்..."

"தெரியும் மாப்ள," என்றார். "நாலுல மூணு பங்கு வந்துட்டுல்லா. நல்லவேளை, எங் கை எக்ஸ்ரேய உங்ககிட்ட குடுக்கல. கறுப்பா இருக்குன்னு தொடச்சிருப்பீங்க."

அவ்வளவுதான். பக்கத்தில் பியூலா சிரித்த சிரிப்பில் வழக்குக்கு வந்து மரத்தடியில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அன்றிலிருந்து வீட்டில் ஒரு கண்ணாடி டம்ளர் உடைந்தால்கூட என்னை அந்த அறைக்குள் விடுவதில்லை. "இருங்க, மொதல்ல போட்டோ எடுத்துக்கிடுதோம்" என்கிறார்கள். உறவுக்காரர்கள் புதுக் கார் வாங்கினால், இன்ஷூரன்ஸ் பேப்பரோடு என் கதையையும் வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

போன மாதம் விருந்தாளிகளுக்காக டவுணிலிருந்து அல்வா வாங்கி வைத்திருந்தோம். அறையில் நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது என் நாலு வயது மகள் பூனை மாதிரி வந்து நின்றாள். வாயைச் சுற்றி, இரண்டு கையிலும், கவுனிலும் நெய் மினுங்கியது. சமையலறையில் பியூலா, "அல்வாவ யாரு எடுத்தது?" என்று கேட்டுக்கொண்டே வரும் சத்தம்.

மகள் இரண்டு கைகளையும் என்னிடம் நீட்டினாள்.

"அப்பா, அம்மா வாரதுக்குள்ள தொடச்சு விடுங்க. நீங்கதான் ஒண்ணுமே தெரியாம தொடைப்பீங்கன்னு ஆச்சி சொன்னாங்க."

துடைத்துவிட்டேன்.