நாற்றங்கால் வரப்பில் பதினோரு பேர்

எனக்கு நடக்கத் தெரியாது. நாற்பதை நெருங்கும் ஒருவன் இப்படிச் சொன்னால் மற்றவர்கள் விளையாட்டு என்று நினைப்பார்கள். எங்கள் குடும்பத்தில் மட்டும் உடனே ஆமோதிப்பார்கள். இத்தனைக்கும் நான் ஒரு காலத்தில் (துல்லியமாகச் சொன்னால் ஒரே ஒரு சனிக்கிழமை காலை) ஒரு கூட்டத்துக்கே தலைமை தாங்கி நடந்தவன்.

பெங்களூரில் வேலை. ஆபீசில் யாராவது குடகு, மூணாறு என்று வாயைத் திறந்தால் போதும், நான் தாமிரபரணியைத் திறந்துவிடுவேன். மருத மரம், மீன்கொத்தி, பச்சை வயல், கரையோரமாகக் காலாற நடப்பதன் சுகம் என்று அரைமணி நேரம் ஓடும். உண்மையில் நான் அந்தக் கரையில் நடந்து பதினைந்து வருடம் ஆகியிருந்தது. ஊருக்குப் போனால் சேரன்மகாதேவியில் பஸ்ஸை விட்டு இறங்கி ஆட்டோவில் ஏறுவேன். ஆட்டோவை விட்டு இறங்கினால் கட்டில்தான். ஆனாலும் ஆபீசில் நான் 'மண்ணின் மைந்தன்'. அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது.

ஒருநாள் மேனேஜர் கீதா மேடம், "நம்ம டீமை உங்க ஆத்தங்கரைக்கே கூட்டிட்டுப் போங்களேன். மலையெல்லாம் ஏற வேண்டாம், சும்மா மெதுவா ஒரு நடை" என்றார். நான் அன்றைக்கே எல்லோருக்கும் தொப்பி வாங்க இறங்கிவிட்டேன்.

எங்கள் வயலைப் பார்த்துக்கொண்டிருந்தவர் என் சித்தப்பா. இரண்டு ஏக்கர். அவருக்கு அதைத் தவிர வேறு பிழைப்பு இல்லை. போனில் விஷயத்தைச் சொன்னேன்.

"அதுக்கென்னலே, கூட்டிட்டு வா. ஆத்தோரமாப் போயி ஆத்தோரமாவே திரும்பிருங்க. வயக்காட்டுப் பக்கம் மட்டும் வந்துராதீய. வெள்ளிக்கெழம நாத்துப் பாவுதேன். அணையில தண்ணி இந்த வருசம் தாமசமாத்தான் விட்டிருக்கான். இப்பம் பாவுனாத்தான் வாய்க்கால அடைக்கதுக்குள்ள கதிர் முத்தும். வெளங்குதா?"

"சரி சித்தப்பா" என்றேன். மற்றொரு கையால் கம்ப்யூட்டரில் தொப்பிக்கு நிறம் தேடிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை காலை, என்னோடு சேர்த்துப் பதினோரு பேர், பதினோரு பச்சைத் தொப்பி. முதல் நூறு அடி நான் சொன்னபடியே இருந்தது. நிழல், காற்று, தண்ணீர்ச் சத்தம். கீதா மேடம் கண்ணை மூடி மூச்சை இழுத்தார். (பாவம், அடுத்த நூறு அடியில் அந்த மூச்சை அவர் விட்டிருக்கக் கூடாது.) பாவம் தொலைய ஆற்றில் விட்ட வேட்டி சேலையெல்லாம் மரவேரில் சிக்கி அழுகிக்கொண்டிருந்தன. காலி பாட்டில்கள் கிடந்தன. கரையோரம் குந்தியிருந்த இரண்டு பேர், எங்களைப் பார்த்ததும் எழுவதா வேண்டாமா என்று தெரியாமல் முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டார்கள்.

"இது ஏதாவது சடங்கா?" என்று வடக்கத்திப் பையன் ஒருவன் மரியாதையாகக் கேட்டான்.

"ஆமாம்" என்றேன். எனக்கு வேறு வழி தெரியவில்லை. "வாங்க, இதைவிட அழகான பாதை இருக்கு" என்று வயல் பக்கம் திருப்பினேன்.

வாய்க்காலுக்கும் எங்கள் வயலின் ஒரு சின்னத் துண்டுக்கும் நடுவே ஒரு வரப்பு. புதுசாக, வழுவழுப்பாக, படம் எடுக்கத் தோதாக இருந்தது. அதன் வாயில் ஒரு உடைமுள் கிளை குறுக்கே கிடந்தது. எங்கள் பக்கத்தில் வரப்பில் புதுச் சேறு வைத்துப் பூசினால், அது இறுகும்வரை யாரும் மிதிக்காமலிருக்க முள் வெட்டிப் போடுவார்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். ஒன்றாம் வகுப்பில் எனக்கும் தெரிந்திருந்தது.

"எங்க ஜனங்களுக்குச் சுத்தம் பத்தாது" என்று விருந்தினர்களிடம் வருத்தம் தெரிவித்துவிட்டு, இரண்டு விரலால் அந்த முள்ளைத் தூக்கி வாய்க்காலில் எறிந்தேன்.

நடந்தோம். ஷூ புதைந்தது. "மண்ணை உணருங்க" என்றேன். (சத்தியமாக இதைத்தான் சொன்னேன்.) பாதி வரப்பு தாண்டியதும் மண் எங்களை உணர்ந்துகொண்டது. சளக்கென்று ஒரு பாகம் சரிந்தது. கீதா மேடம் அப்படியே நாற்றங்காலில் உட்கார்ந்தார். மற்றவர்கள் பயந்து குதித்தார்கள், வாய்க்கால் ஆழம் என்பதால் எல்லோரும் நாற்றங்கால் பக்கமே குதித்தார்கள். உடைப்பு வழியாக வாய்க்கால் உள்ளே பாய்ந்தது. முந்தின நாள் விதைத்த முளைகட்டிய நெல், வெள்ளை முளையோடு மிதந்து கிளம்பிக் கீழ்மூலையை நோக்கிப் போனது.

காக்கை விரட்டிக்கொண்டிருந்த சித்தப்பா எதிர்ப்பக்கமிருந்து ஓடி வந்தார். "ஏலே! மிதிக்காதீங்கலே! மேல ஏறுங்க எல்லாரும்!" வந்த வேகத்தில் உடைப்பின் வாயிலேயே உட்கார்ந்து முதுகைக் கொடுத்துத் தண்ணீரை அடைத்தார். "மம்பட்டிய எடுலே! அங்கன பூவரசு மூட்டுல கெடக்கு!"

எடுத்து வந்தேன். எனக்கும் ஏதாவது செய்ய வேண்டும்போல் இருந்தது. உடைப்பை அடைக்க மண் வேண்டுமே என்று, நாலடி தள்ளி அதே வரப்பிலேயே வெட்டினேன். உடைப்பு இரண்டாயிற்று.

"மம்பட்டிய கீழ வையிலே" என்றார் சித்தப்பா. கத்தவில்லை. இன்றைக்கும் காதில் இருப்பது அந்தக் குரல்தான்.

அடைத்து முடிக்கும்போது நாற்றங்காலில் பாதிக்கு மேல் வெறும் சேறு. எங்களில் ஒருவன் கடைசிவரை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். இதுவும் நான் ஏற்பாடு செய்த நிகழ்ச்சி என்று நினைத்துக் கை வேறு தட்டினான்.

சித்தப்பா முதலில் மேடத்திடம்தான் போனார். "அடி கிடி பட்டுட்டாம்மா? பைய எந்திரிங்க." மேடம் திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டார். "சேறுதானம்மா, கழுவுனாப் போயிரும்" என்று பம்புசெட்டில் எல்லோர் காலையும் கழுவ வைத்து, வீட்டிலிருந்து காப்பி வரவழைத்துக் கொடுத்தார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. தப்பித்தோம் என்று நான் சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

மற்றவர்களை ஏற்றிக்கொண்டு வேன் கிளம்பியபின் வயலுக்குப் போனேன். சித்தப்பா கீழ்மூலையில் குனிந்து, சேற்றோடு விதையைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தார்.

"வேற வெதை வாங்கித் தாரேன் சித்தப்பா."

"வெதை கெடைக்கும்லே. வாங்கி, ஊறப்போட்டு, முளைகட்டி, தொளிச் சேத்த மறுபடி ஒழுங்கு பண்ணிப் பாவணும். பத்து நாளு போயிருமே. எனக்காண்டித் தண்ணி நிக்குமா?"

நிற்கவில்லை. வாய்க்காலை அடைத்தபோது சுற்றிலும் கதிர் பழுத்துத் தலைசாய்ந்திருக்க, அவர் வயல் அப்போதுதான் பால் பிடித்துக்கொண்டிருந்தது. யார் யாரிடமோ கேட்டு எஞ்சின் வைத்து இறைத்துப் பார்த்தார். அறுத்தது பெரும்பாலும் பதர். அடுத்த வருடம் வயலைப் பக்கத்துக்காரரிடம் விட்டுவிட்டுத் திருநெல்வேலியில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் வேலைக்குச் சேர்ந்தார். வருகிறவர்களுக்குக் கதவைத் திறந்துவிடுகிறார். நாள் முழுக்க நிற்கவேண்டும். எனக்கு ஆபீசில் அந்த நடைக்காகப் பாராட்டு மடல் வந்தது.

இப்போது எங்கள் வீட்டுக் கல்யாணம் எதுவும் இந்தக் கதை இல்லாமல் முடிவதில்லை. சொல்கிறவர் சித்தப்பாவேதான். என்னைப்போலவே இரண்டு விரலால் முள்ளைத் தூக்கிக் காட்டுவார். "மண்ண உணருங்க" என்பார் (இதை அவருக்கு யார் சொன்னார்களோ). பந்தியில் பாதிப்பேருக்குப் புரையேறும். நானும் சிரிப்பேன், சிரிக்காமல் எப்படி உட்கார்ந்திருப்பது? கதை எப்போதும் எல்லோரும் காப்பி குடிப்பதோடு முடிந்துவிடும்.

போன மாதம் என் தங்கை வீட்டு விசேஷத்தில், வெளியூரிலிருந்து வந்த புது மாப்பிள்ளை சிரித்து ஓய்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "பொறவு என்னாச்சு மாமா? அந்த வருசம் எத்தன கோட்டை நெல்லு கண்டீக?"

சித்தப்பா இலையை மடித்தார். "சாப்பிடுங்க மாப்ள, பாயசம் வருது" என்று சொல்லிவிட்டுக் கைகழுவ எழுந்து போனார். அவருக்கு இன்னும் பாயசம் வைத்திருக்கவில்லை.