ஒரு நாளைக்குப் பத்துத் தலை

ஒரு காட்டில், காடென்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள், காலையில் கிளம்பினால் நடுப்பகலுக்குள் எல்லை தாண்டிவிடலாம், இத்தனூண்டு ஏழைக் காட்டில், வடிவு என்றொரு நீர்நாய் இருந்தது. குளக்கரை வளைக்குள் அதற்கு அப்போதுதான் பால் மறந்த இரண்டு குட்டிகள். குளத்தில் மீன் குறைந்துவிட்டதால், வடிவு ஆற்றுக்குப் போய் ஒரு கெண்டையைப் பிடித்துக்கொண்டு திரும்பியது. பார்த்தால், கரையைச் சுற்றி வேலி! வாசலில் உடும்பு.

"நில்லும்மா. சீட்டு எங்கே?"

"என்ன சீட்டு? இது என் வீடுய்யா!"

"ராஜா வெளிநாட்டு மாநாட்டுக்குப் போய்ப் புதுச் சுற்றுலாக் கொள்கையோட வந்திருக்கார். இயற்கை கெடக்கூடாதாம். குளம் ஒரு நாளைக்குப் பத்துத் தலைதான் தாங்குமாம். பத்தும் வெளிக்காட்டு விருந்தாளிங்களுக்கு."

"உள்ளே என் பிள்ளைங்க பசியில கிடக்குதுங்க!"

"உள்ளூர்க்காரங்களுக்குத் தனிப் படிவம் இருக்கு. இன்னும் அச்சாகி வரலை."

உடும்பிடம் கெஞ்சி என்ன பயன்? அது பிடித்தால் பிடித்ததுதான். வடிவு மீனைக் கவ்விக்கொண்டு எல்லைக்கு ஓடி, அதைத் தாண்டி வெளிக்காட்டு முத்திரையை நெற்றியில் குத்திக்கொண்டு திரும்பி வந்தது. அதே உடும்பு எழுந்து நின்று மாலை போட்டது! இளநீர் வேறு.

வழிகாட்டி மைனா வடிவை அதன் சொந்த வளைக்கே அழைத்துப் போனது.

"இதுங்க அபூர்வமான நீர்நாய்க் குட்டிங்க. பெத்தவ விட்டுட்டு ஓடிட்டா, பாவி."

வடிவு பல்லைக் கடித்துக்கொண்டு மீனை நீட்டியது. குட்டிகள் வாசனை பிடித்துக் கத்தின.

மைனா பதறியது. "ஐயையோ! விலங்குகளுக்குத் தீனி போடக் கூடாதுங்க. கொள்கை! வேணும்னா தத்தெடுத்துக்குங்க. தத்தெடுத்தவங்க ஊட்டலாம்."

அந்தப் படிவம் மட்டும் வழவழவென்று அச்சாகித் தயாராக இருந்தது. அதில் ஒரே கேள்வி: 'குட்டிகளுக்கும் உங்களுக்கும் உறவு உண்டா? உண்டெனில் விண்ணப்பம் செல்லாது.'

வடிவு அந்தக் கேள்வியை இரண்டு முறை படித்தது. குட்டிகளோ கத்திக் கத்தி ஓய்ந்துகொண்டிருந்தன. வடிவு 'இல்லை' என்ற கட்டத்தை நகத்தால் கீறிவிட்டு, மீனைப் பிய்த்து ஊட்டியது.

மைனா கண்ணைத் துடைத்துக்கொண்டது. "யாரோ பெத்த பிள்ளைங்க மேல இவ்வளவு பாசமா! எங்க காட்டுத் தாய்களும் இருக்காங்களே!"

நீதி: பெற்ற பிள்ளைக்குத் தன் கையால் ஊட்ட ஆசைப்படுபவர், முதலில் ஊரைவிட்டுப் போய், விருந்தாளியாகத் திரும்பி வரவும்.