தண்ணீர்த் தொட்டிக்குள் புகுந்த ஹேக்கர்

சென்னையில் கம்ப்யூட்டர்களுக்குக் காவல் காக்கும் என் தங்கை மகள் கிருத்திகாவுக்கு, தாய்மாமன் அர்த்தநாரி ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கு நானும் உன் அத்தை பாவாயியும் மரவள்ளிக் காடும் சுகம். அங்கு நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்கத் திருச்செங்கோட்டு மலையான் துணையிருப்பார். அவரிடம் நேரிலேயே சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். மாமன் வாட்ஸ்அப்பை விட்டுவிட்டுக் காகிதத்தில் எழுதுகிறானே என்று சிரிக்காதே அம்மணி. ஊரில் ஹேக்கர் நடமாட்டம். போனில் எழுதினால் படித்துவிடுவான். காகிதத்துக்குள் எந்தக் கொம்பனும் புக முடியாது.

விஷயம் இதுதான். நம்மூர்ப் பேரூராட்சிக் கம்ப்யூட்டரை எவனோ கைப்பற்றிவிட்டான். மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரைப் போட இப்போது ஆள் போவதில்லை. ஆபீசில் உட்கார்ந்து கம்ப்யூட்டரைத் தட்டினால் மோட்டார் பெட்டிக்குள் இருக்கும் சிம் கார்டுக்குத் தகவல் போகும், உடனே மோட்டார் ஓடும். நம் காட்டுக் கிணற்றுக்கு நான் போட்டிருக்கும் மொபைல் ஸ்டார்ட்டரும் அதே ரகம்தான். வீட்டிலிருந்து ஒரு ரிங் விட்டால் போதும். மெக்கானிக் ரமேஷ்குமார் இரண்டு பெட்டியையும் ஒரே நாளில் மாட்டினான். என்னுடையதைப் பார்த்துத்தான் அரசாங்கத்துக்கே அந்த யோசனை வந்தது என்று ஊர் முழுக்கப் பேச்சு. நான் சொல்லாத இடத்தில்கூடப் பேசுகிறார்கள்.

அன்றிலிருந்து பிடித்தது சனி. ஆபீசில் தட்டினால் மோட்டார் ஓடுவதில்லை, தட்டாதபோது ஓடுகிறது. போன வாரம் டீக்கடையில் நாமகிரிப்பேட்டை குமரகுரு, உனக்குத் தெரியுமே, எதையும் நம்பாத மனுஷன், அவரிடம், “பாருங்க மாப்ள, இங்கிருந்தே என் காட்டுக்குத் தண்ணி பாய்ச்சறன்” என்று ஒரு ரிங் விட்டேன். சத்தீஸ்கரில் நான் போர்வெல் ரிக் வண்டியோடு போய், பாறையில் பைப் மாட்டிக்கொண்டபோது அங்கிருந்த என்ஜினீயர்கள் எல்லாம் என் காலில் விழாத குறையாகக் கேட்டுக்கொண்ட கதையை ஆரம்பித்து முடிப்பதற்குள், எதிரே தொட்டி நிறைந்து அருவியாகக் கொட்டி, அடியில் பெரியநாயகி காயப்போட்டிருந்த விரலி மஞ்சள் எல்லாம் சாக்கடைப் பக்கம் ஊர்வலம் போகிறது! அந்தம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆபீஸ் வாசலில் நின்று, “ஏனுங்க ஆபீசுக்காரரே, மஞ்சத்தண்ணி ஊத்தோணும்னா மாரியாயிக்கு ஊத்துங்க. ரோட்டுக்கு எதுக்குங்க சீரு?” என்று தெருவே கேட்கச் சத்தம் போட்டது.

எட்டாவதோடு நான் படிப்பை நிறுத்தினேன், அதற்கு மேல் வாத்தியார்களிடம் சரக்கில்லை. ஆனால் மெஷின் என்றால் எனக்குக் காதே போதும். கம்ப்ரசரில் காற்று எங்கே கசிகிறது என்று காது வைத்தே சொன்னவன் நான். நேராக ஆபீசுக்குப் போய்க் கம்ப்யூட்டர் பெட்டியில் காதை வைத்தேன். உள்ளே ஹும்ம்ம் என்று மூச்சு. அங்கே கம்ப்யூட்டர் பார்க்கும் எதிர் வீட்டுப் பிள்ளை தனப்பிரியா, “பெரியப்பா, அது உள்ள ஓடற காத்தாடிங்க” என்றது. “காத்தாடி இப்படியா மூச்சு வாங்கும் சாமி?” என்று கேட்டேன். பிள்ளை திரும்பிக்கொண்டு வேலையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டது.

இன்னொன்றும் கண்டுபிடித்தேன். பள்ளிபாளையம் கல்யாணத்துக்கு நான் போனைச் சார்ஜில் மறந்துவிட்டுப் போன அன்று மட்டும் மோட்டார் அசையவே இல்லை. தொட்டியில் ஒரு சொட்டு ஏறவில்லை. நான் ஊரில் இருந்தால்தான் அவன் வேலை காட்டுகிறான். அப்படியென்றால் சவால் யாருக்கு? எனக்கு! ஆனாலும் என் கிட்டே நெருங்க முடியவில்லை பார். நான் ரிங் விட மறந்த நாளில்கூட என் காடு தானாகப் பாய்ந்து கிடக்கிறது. மரவள்ளி ஆள் உயரம். எல்லாம் கை ராசி.

சிரிப்புக்கு நடுவே ஒரு வேதனை அம்மணி. தனப்பிரியாதான் பாஸ்வேர்டை வெளியே கொடுத்துவிட்டது என்று செயல் அலுவலர் நோட்டீஸ் கொடுத்துவிட்டார். திங்கட்கிழமைக்குள் சரியான பதில் இல்லாவிட்டால் வேலை போய்விடும். காண்ட்ராக்ட் வேலைதான், ஆனால் அந்த வீட்டில் உலை கொதிப்பது அதில்தான். பிள்ளை அழுது முகம் வீங்கிக் கிடக்கிறது. “எங்க தங்கச்சி புள்ள ஒரு போன் போட்டா டெல்லியே எறங்கி வருமுங்க” என்று அலுவலரிடம் நான் சொல்லிவிட்டேன். ஆகவே, இது வெளியாள் செய்த சதி, பிள்ளை மேல் தப்பில்லை என்று பெரிய முத்திரை போட்டு, உங்கள் ஆபீசிலிருந்து உடனே ஒரு கடிதம் அனுப்பு. ஹேக்கர் பிடிபட்டதும் அவனுக்கு நானே இரண்டு அறை வைப்பேன்.

நீயும் உன் கம்ப்யூட்டர்களும் நோய் நொடி இல்லாமல் பல்லாண்டு வாழ வேண்டும். தங்கைக்கும் மாப்பிள்ளைக்கும் என் அன்பைச் சொல்.

ஊர்க்காவலில் இருக்கும்,
மாமன் அர்த்தநாரி

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது ரமேஷ்குமார் வந்தான். ஹேக்கர் நுழையாமல் என் காட்டுப் பெட்டிக்கும் ஏதாவது பூட்டுப் போடலாம் என்று நான்தான் வரச் சொல்லியிருந்தேன். பெட்டியைத் திறந்தவன் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டான். “அண்ணா, சிம் மாறிப்போச்சுங்க. உங்களுத ஆபீஸ் பெட்டியில போட்டுட்டன், அவங்களுது இங்க கெடக்குது.” ஆக, நான் ரிங் விட்டபோதெல்லாம் ஓடியது பேரூராட்சி மோட்டார். தனப்பிரியா தட்டியபோதெல்லாம் பாய்ந்தது என் மரவள்ளி. உன் அத்தை, “ஏனுங்க, ஊட்டுக்கு வந்த ஹேக்கருக்குச் சோறு போடட்டுங்களா, இல்ல முதல்ல அறை வாங்கிக்கறீங்களா?” என்கிறாள். நாளைக் காலை ரமேஷ்குமாரையும் கூட்டிக்கொண்டு, “புள்ள மேல தப்பில்லீங்க, அது நானுங்க” என்று அலுவலர் முன்னால் நிற்கப் போகிறேன். வெள்ளை வேட்டி தேய்த்தாயிற்று. தனப்பிரியாவிடம் சொன்னேன், அழுத முகத்தோடு சிரித்தது. பெரியநாயகிக்கு மஞ்சள் வாங்கிக் கொடுப்பதாக அத்தை வாக்குக் கொடுத்துவிட்டாள். டெல்லிக்கு எழுத வேண்டாம். கம்ப்யூட்டரே தொடாமல் அரசாங்கத்து மோட்டாரை ஓட்டிய ஆள் உங்கள் ஆபீசுக்குத் தேவைப்படுமா என்று மட்டும் விசாரித்துவை. பதிலை வாட்ஸ்அப்பிலேயே அனுப்பு. ஹேக்கர் படித்தால் படிக்கட்டும்.